முள்ளம்பன்றி தும்மி வேலை வாங்கிய கதை

ஒரு காட்டில் மழைக்காலம் வந்தால் முதலில் குகைகள் ஒழுகும், அடுத்தபடியாக மூக்குகள் ஒழுகும். மூக்குக்கு வைத்தியர் இருந்தார். குகைகளுக்கு ஒரு வாரியம் இருந்தது. 'குகைப் பராமரிப்பு வாரியம்' என்று வாசலில் பெரிய பெயர்ப் பலகை. அந்தப் பலகையை மட்டும் வருஷம் தவறாமல் பெயிண்ட் அடித்து நன்றாகப் பராமரித்து வந்தார்கள்.

அந்தக் காட்டின் கிழக்குக் குகையில், அடிவளையில், அணஞ்சபெருமாள் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தார். மனைவி பேச்சிக்கனி, இரண்டு பிள்ளைகள். மேல் பொந்தில் மாரிக்கண்ணு என்ற முயலும் அவருடைய பெரிய குடும்பமும் இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாகக் கூரையில் ஒரு விரிசல் இருந்தது. முதலில் எறும்பு போகிற அளவில் இருந்தது. பிறகு ஓணான் போகிற அளவுக்கு ஆனது. இப்போது அதன் வழியாக மழையே நேராக உள்ளே வந்து உட்கார ஆரம்பித்திருந்தது.

முள்ளம்பன்றியும் முயலும் சேர்ந்து வாரியத்துக்கு மனு போட்டார்கள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று போனுக்கு ஒரு செய்தி வந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே செய்தி வந்தது, கூடவே 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்ற கேள்வியும் வந்தது.

அணஞ்சபெருமாள் யோசித்தார். இந்த வாரியத்தில் மனு கொடுக்கிற பக்கம் நின்றால் ஆயுசு முழுக்க நிற்க வேண்டியதுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். உதவிக் குகை ஆய்வாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்ததும் விண்ணப்பித்தார். வேலை கிடைத்த அன்றே முதல் கையெழுத்தைத் தன் வீட்டுக் கூரைக்குத்தான் போடுவது என்று முடிவும் செய்துகொண்டார்.

அதற்காக விழுந்து விழுந்து படித்தார். எந்தப் பாறை தாங்கும், எந்த மண் சரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. படித்தது கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டுவார். பக்கத்து இலைக்காரருக்குப் பாயசம் இறங்காது. பேச்சிக்கனி அவரை விசேஷங்களுக்குக் கூட்டிப் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஏற்கெனவே இரண்டு தடவை நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பியவர். இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்குப் பிறகு மனு போடலாம், நட்சத்திரம் தரலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

நேர்முகத் தேர்வுக்கு உடல் தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அதை வாங்க வைத்தியசாலை வாசலில் கொட்டுகிற மழையில் வரிசை நின்றது. அணஞ்சபெருமாளும் நின்றார். உள்ளே வைத்தியர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி, நிமிர்ந்தும் பார்க்காமல், 'பூரண ஆரோக்கியம்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் அணஞ்சபெருமாளுக்கு மூக்கு அடைத்து, கண் சிவந்து, உடம்பு கணகணவென்று ஆகிவிட்டது. ஆரோக்கியத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போய் ஜலதோஷத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தவர் அந்தக் காட்டில் அவர் மட்டும் அல்ல.

மறுநாள் காலையில் பேச்சிக்கனி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் கொடுத்தாள். மூக்கு அசைந்து கொடுக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கு நேரமாகிறதென்று சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு வளை வாசலில் கால் வைத்தார்.

"ஹச்."

"நில்லுங்க," என்றாள் பேச்சிக்கனி. "ஒத்தத் தும்மல். உள்ள வந்து உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்புறமாக் கிளம்புங்க."

"நேரமாகுது பேச்சி."

"ஆகட்டும். ஒத்தத் தும்மலோட போன காரியம் எது உருப்பட்டிருக்கு? ரெட்டையாத் தும்முங்க, நானே பிடிச்சு வெளிய தள்ளுதேன்."

அந்தக் காட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒரு காரியத்தைப் பேசும்போதோ தொடங்கும்போதோ யாராவது ஒற்றையாகத் தும்மிவிட்டால் அந்தக் காரியம் ஆகாது. அப்படியே நிறுத்தி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரட்டையாகத் தும்மினால் காரியம் ஜெயம். மற்ற சட்டங்களையெல்லாம் வளைத்தவர்கள், ஒடித்தவர்கள், காணாமலே போக்கியவர்கள் அங்கே உண்டு. இந்தச் சட்டத்தில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை.

அணஞ்சபெருமாள் உட்கார்ந்தார், குடித்தார், எழுந்தார். வாசலில் மறுபடி ஒற்றைத் தும்மல். மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் வயிற்றில் தண்ணீர் குலுங்கக் குலுங்க ஒருவழியாக வாரிய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார்.

வாசலில் முகத்தை அடையாளம் காணும் கருவி ஒன்றைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். கருவி கெட்டுப் போகாமல் இருக்க அதன் தலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தது. அணஞ்சபெருமாள் முகத்தைக் காட்டினார். 'முகம் பொருந்தவில்லை' என்றது கருவி.

காவலுக்கு இருந்த குரங்கு திரையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. "போட்டோவுல மூக்கு இவ்வளவு பெருசா இல்லையே."

"ஜலதோஷம் தம்பி. வீங்கிப் போச்சு."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? மெஷின்கிட்டச் சொல்லுங்க."

அவர் மெஷினிடமும் சொல்லிப் பார்த்தார். அந்த நேரத்தில் பின்னால் ஓர் இளம் காட்டெருமை வந்து நின்றது. குரங்கு சட்டென்று எழுந்து, கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டது. காட்டெருமையின் வாலை ஒட்டி அணஞ்சபெருமாளும் உள்ளே நுழைந்துவிட்டார்.

அந்த இளம் காட்டெருமையின் பெயர் சின்னத்துரை. வாரியத் தலைவரின் மச்சினருடைய மகன். அவனும் இதே வேலைக்குத்தான் வந்திருந்தான். நடு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து போனில் விளையாடியபடி, "அண்ணே, குகைக்கு வாசல் எந்தப் பக்கமா இருக்கும்?" என்று கேட்டான்.

"அதெல்லாமா உள்ள கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்க. மாமாதான தலைவர். சும்மா தெரிஞ்சு வச்சுக்கிடலாம்னுதான்."

அணஞ்சபெருமாளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் தன் படிப்பின் மேல் அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. பாவம், ஜலதோஷம் மூளை வரை ஏறியிருக்கலாம்.

சின்னத்துரை உள்ளே போனான், சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அடுத்து அணஞ்சபெருமாளைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் வாரியத் தலைவர் வெள்ளத்துரை, கறுப்பு மலை போன்ற காட்டெருமை. வலது பக்கம் செயலாளர் கைலாசம், நரி. இடது பக்கம் வெளியிலிருந்து வரவழைத்த நிபுணர், ஓர் ஆமை. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நிபுணர் கட்டணம் விழித்திருப்பதற்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

தலைவர் கேள்வி கேட்டார். பாறை எப்போது வெடிக்கும், மண் எப்படிச் சரியும், கூரைக்கு முட்டு எங்கே கொடுக்க வேண்டும். அணஞ்சபெருமாள் அடைத்த மூக்கோடு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு பொளந்து கட்டினார். கிழக்குக் குகையின் விரிசலையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, அது எந்த வழியாக ஓடுகிறது, எத்தனை மழைக்குத் தாங்கும் என்று விரல்களால் காற்றில் வரைந்து காட்டினார். தலைவர் கொட்டாவி விட்டார். கொட்டாவிக்குச் சகுனம் ஏதும் கிடையாது.

"போதும் போதும். நல்லாச் சொல்றீங்க," என்றார் தலைவர். "தகவல் வரும். நீங்க கிளம்பலாம்."

தகவல் வரும் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு தடவை பட்டவருக்குத் தெரியாதா? மனசு உடைந்துபோய்க் கோப்பைக் கட்டத் தொடங்கினார். அவர் போகும் வரைக்கும்கூடத் தலைவரால் பொறுக்க முடியவில்லை. ராகு காலத்துக்கு முன்னால் உத்தரவில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். செயலாளர் பக்கம் திரும்பி, "கைலாசம், நம்ம சின்னத்துரைக்கே ஆர்டர் அடிச்சிரு," என்றார்.

"ஹச்."

அறை அப்படியே நின்றது. செயலாளர் எழுதத் தூக்கிய பேனா அந்தரத்தில் நின்றது. தலைவரின் முகத்தில் கறுப்பு கொஞ்சம் வெளுத்தது.

"மன்னிக்கணும் சார். ஜலதோஷம்," என்றார் அணஞ்சபெருமாள். அவர் முதுகில் முட்களெல்லாம் நட்டுக்கொண்டு நின்றன.

"ஒத்தை," என்றார் தலைவர்.

"ஒத்தைதான்," என்றார் செயலாளர்.

தண்ணீர் வந்தது. இருவரும் குடித்தார்கள். ஆமையின் ஓட்டிலும் சாஸ்திரத்துக்கு இரண்டு சொட்டுத் தெளித்தார்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி. சின்னத்துரைக்கு…"

"ஹச்."

மறுபடி தண்ணீர். அணஞ்சபெருமாள் மூக்கைப் பிடித்துக்கொண்டார், வாயைப் பொத்திக்கொண்டார், வேண்டாத தெய்வமில்லை. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. அது அவர் கையில் இருந்தால் இப்படி மரியாதை கெட்டத்தனமாகத் தலைவர் பேச்சில் குறுக்கே தும்முவாரா?

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல்ல இவர வெளிய அனுப்பு."

"ஹச்."

இப்போது அவரை வெளியே அனுப்பவும் முடியாமல் போயிற்று. மறுபடி தண்ணீர். செயலாளர் கைலாசம் மேஜையைச் சுற்றி ஓடி வந்து அணஞ்சபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, ஒங்களக் கெஞ்சிக் கேக்கேன். இன்னொண்ணு போட்டிருங்க. ரெட்டையாயிரும். எல்லாருக்கும் நல்லது."

"வரமாட்டேங்குது சார்."

"வெளிச்சத்தப் பாருங்க. பல்பைப் பாருங்க."

பார்த்தார். வரவில்லை.

"இப்ப வந்தாலும் செல்லுமா?" என்றார் தலைவர். "நடுவுல தண்ணி குடிச்சாச்சே."

"தண்ணி குடிச்சிட்டா முந்தின தும்மல் கணக்கு முடிஞ்சுது சார். அப்புறம் வாறது புது ஒத்தை," என்றார் செயலாளர். தான் படித்த விதி தன்னையே கடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு ஆமை தலையை வெளியே நீட்டியது. நடந்ததைக் கேட்டுக்கொண்டது. "அவருக்குப் போட வேண்டாம்னுதான தும்மல் வருது. இவரு பேரைச் சொல்லிப் பாருங்களேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த ஒரு யோசனைக்குத்தான் அன்றைய கட்டணம்.

ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "சரி. அணஞ்சபெருமாளுக்குப் போட்டிரலாம்."

எல்லோரும் அவர் மூக்கையே பார்த்தார்கள். மூக்கு அரிக்கத் தொடங்கியது. அணஞ்சபெருமாளுக்கு உயிர் போய் வந்தது. வராவிட்டால் பரவாயில்லை, இரண்டாக வந்தாலும் பரவாயில்லை. ஒன்று வந்து நின்றுவிட்டால் தன் மூக்கே தன் குடியைக் கெடுத்ததாகிவிடும்.

"ஹச்."

பேச்சிக்கனியை நினைத்தார். கூரையை நினைத்தார். விரிசலுக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுக்கிற பிள்ளைகளை நினைத்தார். செயலாளரின் கை தண்ணீர்ச் சொம்பை நோக்கி நகர்ந்தது.

"ஹச்."

"ரெட்டை," என்றார் தலைவர், ஏதோ பெரிய இழப்பை அறிவிக்கிற குரலில். அணஞ்சபெருமாளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஜலதோஷத் தண்ணீர் பாதி, சந்தோஷத் தண்ணீர் பாதி.

யோக்கியமான கதாசிரியராக இருந்தால் கதையை இங்கேயே முடித்து, உழைப்பவனைத் தெய்வம் கைவிடாது என்று நீதி எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார். ஆனால் அந்த அறையில் ஒரு நரி இருந்தது. நரி இருக்கிற இடத்தில் நீதியை அவ்வளவு சீக்கிரம் எழுதிவிட முடியாது.

"சார், இவருக்குப் போடலாம்னு சகுனம் சொல்லிச்சு," என்றார் கைலாசம் மெதுவாக. "எந்த வேலைக்குப் போடணும்னு சொல்லலையே."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஆபீசுக்கு நல்ல தும்மல்காரர் ஒருத்தர் இல்லாமத்தான் இத்தனை நாள் கஷ்டப்பட்டோம். ஒவ்வொரு மனுவையும் தள்ளுபடி செய்ய எவ்வளவு காரணம் எழுத வேண்டியிருக்கு? எழுதினா கோர்ட்டுக்குப் போறான். சகுனம் சரியில்லைன்னு சொன்னா எவன் கோர்ட்டுக்குப் போவான்?" செயலாளர் அணஞ்சபெருமாளின் தோளில், முள் இல்லாத இடமாகப் பார்த்துக் கை வைத்தார். "சகுன ஆலோசகர்னு ஒரு போஸ்ட் போடுவோம். தலைவர் பக்கத்துலயே நாற்காலி. ஆய்வாளரவிடச் சம்பளம் ஜாஸ்தி. வேலை நிரந்தரமானதும் குவார்ட்டர்ஸ், புதுக் குகை, ஒரு சொட்டு ஒழுகாது."

"சார், நான் படிச்சது குகை வேலைக்கு…"

"குகை வேலையில என்ன இருக்கு? ஈரம், மண்ணு. தலைவர் பக்கத்துல இருந்தா ஒங்க கிழக்குக் குகைய நீங்களே அவரு காதுல போடலாமே."

அணஞ்சபெருமாள் யோசித்துப் பார்த்தார். ஆய்வாளரானால் அறிக்கைதான் எழுதலாம். அறிக்கையைப் படிக்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்தால் இன்னும் நல்லதுதானே. இப்படி யோசிக்க ஆரம்பித்தவர்கள் யாரும் வேண்டாம் என்று முடித்ததாக அந்தக் காட்டில் வரலாறு இல்லை. அவரும் தலையாட்டினார்.

செயலாளர் உள்பையிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை நீட்டினார். தலைவர், "சின்னத்துரைக்கு ஆய்வாளர் வேலை," என்றார். அணஞ்சபெருமாள் இழுத்தார். "ஹச், ஹச்." முறைப்படி எல்லாம் முடிந்தது. ராகு காலம் பிறப்பதற்குள் இரண்டு உத்தரவும் கையெழுத்தாகிவிட்டன. அவருடைய உத்தரவில், 'இப்பணி தற்காலிகமானது. ஜலதோஷம் நீடிக்கும் காலம் வரை மட்டுமே செல்லுபடியாகும்' என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது.

வேலை சுலபமான வேலை. ஒரு கோப்பை விரித்ததும் செயலாளர் மேஜைக்குக் கீழே விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஒரு தும்மல், கோப்பு தண்ணீர் குடிக்கப் போய்விடும், திரும்பி வராது. இரண்டு விரல் என்றால் இரண்டு தும்மல், கையெழுத்து. மனு கொடுத்தவர்களுக்கும் வருத்தமில்லை. "மனு நல்ல மனுதான், என்ன செய்ய, சகுனம் வாய்க்கல," என்று தங்களையே நொந்துகொண்டு போனார்கள். முன்பெல்லாம் வாரியத்தைத் திட்டியவர்கள் இப்போது தங்கள் ஜாதகத்தைத் திட்டினார்கள். வாரியத்தின் நட்சத்திரங்கள் ஏறிக்கொண்டே போயின.

செய்தி பரவியது. அடுத்த நேர்முகத் தேர்வுக்குக் காட்டின் இளைஞர்கள் முந்தின நாளே மழையில் நனைந்துவிட்டு வந்தார்கள். நனைய முடியாதவர்களுக்காக ஒரு பயிற்சி நிலையம் திறந்தது. 'நிரந்தர ஜலதோஷம், உத்தரவாதத்துடன்' என்று மரத்துக்கு மரம் விளம்பரம் தொங்கியது. படித்தவர்கள் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டு மூக்குப்பொடி வாங்கினார்கள்.

வீட்டில் பேச்சிக்கனி நொச்சி இலையைத் தூக்கி எறிந்தாள். விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தாள். பழைய சோற்றில் புளித்த மோரை ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால், "அப்பா பக்கத்துல போய்ப் படுங்க," என்று அனுப்பினாள்.

"கூரையப் பத்தித் தலைவர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்பாள்.

"சொல்லணும். நேரம் பாத்துச் சொல்லணும்."

நேரம் வரவே இல்லை. தலைவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இருப்பவர்களிடம் தலைவர் எதையும் கேட்பதில்லை, அதனால்தான் அவர்களைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அணஞ்சபெருமாள் இப்போதும் சில சமயம் அறையின் கூரையை அண்ணாந்து பார்ப்பார். செயலாளர் கனைப்பார். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

மழை விட்டது. வெயில் வந்தது. ஒருநாள் காலையில் எழுந்தபோது அணஞ்சபெருமாளுக்கு இரண்டு மூக்கும் திறந்திருந்தது. எல்லா ஜீவராசிகளுக்கும் நிம்மதியான அந்த விஷயம் அவருக்குக் குலை நடுக்கமாக இருந்தது. மூக்குப்பொடியை இழுத்தார். பழகிப்போன பொடி உள்ளே போய்ச் சும்மா இருந்தது.

அலுவலகத்துக்குப் போனதும் செயலாளர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "என்ன அய்யா, மூக்கு தெளிவா இருக்காப்ல தெரியுது? உத்தரவுல கடைசி வரி ஞாபகம் இருக்கும்லா?"

"லேசா அடைச்சிருக்கு சார்," என்றார் அணஞ்சபெருமாள்.

"இன்னைக்கு ஒரு முக்கியமான பைல். இது நல்லபடியா முடிஞ்சா ஒங்களயும் நிரந்தரம் ஆக்கிரலாம்னு தலைவர் சொல்லியிருக்கார்."

கோப்பைத் தலைவர் விரித்தார். 'கிழக்குக் குகைக் கூரை முழுமையாகச் சீரமைக்கப்பட்டது. உறுதியாக உள்ளது' என்று எழுதி, கீழே ஆய்வாளர் சின்னத்துரை கையெழுத்திட்டிருந்தான். வேலையை எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர் அவனுடைய அப்பா, அதாவது தலைவரின் மச்சினர். அந்தக் கூரையில் ஒரு பிடி சுண்ணாம்புகூட விழவில்லை என்பது அதன் கீழே படுத்து எழுந்து வந்த அணஞ்சபெருமாளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நேற்றுக்கூட ஒரு கல் விழுந்து பெரியவனின் தட்டு உடைந்தது.

"பாஸ் பண்ணிரலாமா?" என்று பொதுவாகக் கேட்டார் தலைவர்.

மேஜைக்குக் கீழே செயலாளர் இரண்டு விரலை நீட்டினார்.

பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அணஞ்சபெருமாளுக்கு வாசனை தெரிந்தது. கோப்பின் மை வாசம் தெரிந்தது. செயலாளரின் தலையெண்ணெய் தெரிந்தது. அதோடு, தன் முட்களுக்கு நடுவிலிருந்து அந்தக் குகையின் ஈர மண் வாசமும் வந்தது. ஒற்றையாக ஒரு தும்மல் போதும், இந்தக் கோப்பு நின்றுவிடும். யாராவது போய்க் கூரையைப் பார்க்க வேண்டிவரும். அவர் இந்த அலுவலகத்துக்கு வந்ததே அதற்காகத்தான். மனு போட்டதும், மழையில் நின்றதும், வயிறு நிறையத் தண்ணீர் குடித்ததும் இந்த ஒரு கூரைக்காகத்தான். மூக்கு அரிக்கவில்லை, கண் கலங்கவில்லை. இந்த முறை என்ன வந்தாலும் அது அவராகச் செய்வதுதான்.

வாயைத் திறந்தார்.

"ஹச்."

செயலாளரின் முகம் இருண்டது. தலைவரின் பேனா நின்றது. தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில்தான் இருந்தது. அணஞ்சபெருமாள் அந்தச் சொம்பைப் பார்த்தார். தன் நாற்காலியைப் பார்த்தார். அது நல்ல நாற்காலி, குஷன் வைத்தது.

"ஹச்."

"ரெட்டை," என்று சொல்லித் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அணஞ்சபெருமாள் வீட்டுக்கு வந்து, "சாமானைக் கட்டு. குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்க," என்றார். பேச்சிக்கனி பூரித்துப்போனாள். பானை சட்டிகளைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தபோது மேல் பொந்திலிருந்து மாரிக்கண்ணு குடும்பத்தோடு இறங்கி வந்தார். முயல் குட்டிகள் முள்ளம்பன்றிப் பிள்ளைகளைச் சுற்றி ஓடின.

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி," என்றார் மாரிக்கண்ணு. "நீங்க நல்லா இருந்தா நாங்க இருந்த மாதிரி. அப்படியே நம்ம குகையப் பத்தியும் மேலிடத்துல ஒரு வார்த்தை சொல்லிருங்க. அடுத்த மழை வாறதுக்குள்ள."

"சொல்லியாச்சு," என்றார் அணஞ்சபெருமாள்.

"என்ன சொன்னாங்க?"

"கையெழுத்தே ஆயிருச்சு."

மாரிக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். கண்கலங்கிக் குட்டிகளையும் கும்பிடச் சொன்னார். அணஞ்சபெருமாள் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார். ஒற்றையடிப் பாதை பாதி கடந்ததும் பேச்சிக்கனி அவர் முகத்தை ஓரக்கண்ணால் கவனித்தாள். காலையிலிருந்து அவர் மூக்கை உறிஞ்சவே இல்லை.

"ஜலதோஷம் போயிருச்சா?"

"போயிருச்சு."

அவள் பயந்துபோய் நின்றுவிட்டாள். "அப்ப வேலை?"

"அது நிரந்தரம் ஆயிருச்சு," என்றார் அவர்.

நீதி: ஜலதோஷத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போவதில் தவறில்லை. குணமான பிறகும் தும்மக் கற்றுக்கொண்டால் பென்ஷன் வரை கவலையில்லை.